செவிலியின் கண்: மரியா கிரகாமின் சிலி நாட்குறிப்பில் நிலநடுக்கம்

முன்னுரை

பயண இலக்கியத்தை நாம் கற்பிக்கும் முறையில் ஒரு பொதுமை உண்டு. ஒருவர் தம் நாட்டை விட்டு வேற்று நாட்டிற்குச் சென்று, அங்குக் கண்டவற்றை எழுதினால் அதனைப் பயண நூல் என்கிறோம். அவர் அங்கே மூன்று நாள் தங்கினாரா, மூன்று ஆண்டு குடியிருந்தாரா என்பதை வகைமைக்குரிய வேறுபாடாகக் கொள்வதில்லை. ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ போன்ற நூல்கள் தமிழில் இவ்வகைமைக்கு முன்மாதிரியாக நிலைபெற்றமையால், ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருப்பவரின் பார்வையே பயணப் பார்வை என்னும் எண்ணமும் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

நகர்பவர்க்குப் புதுமை புலப்படும். தங்கி வாழ்பவர்க்கு மாற்றம் புலப்படும். வேற்று நாட்டில் வீடு பிடித்து, அடுப்பு மூட்டி, உறவினரின் நோய்க்கு மருந்து கொடுத்து வாழ்பவர் அந்நாட்டை வேறொரு வகையில் அறிகிறார். நேற்றுக் கடல் எதுவரை ஏறிற்று, எந்தச் சுவர் ஏற்கெனவே வெடித்திருந்தது, எந்த வழியில் நோயாளியை வெளியே கொண்டுசெல்ல இயலும் என்பன அவருக்குத் தெரியும். இவ்வகை அறிவு பயண நூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. இடம்பெறும்போதும் அதனை வீட்டுச் செய்தி எனக் கருதி, இலக்கியத் திறனாய்விலும் அறிவியல் வரலாற்றிலும் ஒதுக்கிவைக்கும் வழக்கம் நீண்ட காலமாக இருந்துவந்துள்ளது.

அவ்வாறு ஐயுறப்பட்ட நூல்களுள் ஒன்றை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலேயப் பெண் எழுத்தாளரான மரியா கிரகாம் 1824ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட சிலி நாட்டு நாட்குறிப்பே அந்நூல். 1822 நவம்பர் 19ஆம் நாள் இரவு சிலியின் நடுப்பகுதிக் கடற்கரையைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தை, நோயுற்ற உறவினர் ஒருவருடன் இருந்து அனுபவித்தவர் அவர். அவ்வனுபவத்தை அவர் எழுதிய முறையும், அவ்வெழுத்து பின்னர் ஐயுறப்பட்ட முறையும் பயண இலக்கியத்தைப் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் சிந்தனைக்குரியவை. உறவைப் பேணும் பொறுப்பு அவருடைய பார்வையைக் கூர்மைப்படுத்திற்றா, மங்கச்செய்ததா என்பதே நாம் ஆராயும் வினா.

ஆசிரியரும் நூலும்

மரியா கிரகாம் 1785இல் பிறந்தவர். கடற்படை அதிகாரி ஒருவரின் மகள். தந்தைக்குப் பம்பாய்க் கப்பல் தளத்தில் பணி கிடைத்தபோது அவருடன் இந்தியாவிற்கு வந்தார். 1809இல் தாமஸ் கிரகாம் என்னும் கடற்படை அதிகாரியை மணந்தார். சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் சென்று, அங்குள்ள சிற்பங்களைப் பற்றியும் எழுதினார் என்பது தமிழ் வாசகர்க்குச் சுவையான செய்தி. இந்தியா பற்றிய அவருடைய நாட்குறிப்பு 1812இல் வெளிவந்தது.

1821இல் தாமஸ் கிரகாம் ‘டோரிஸ்’ என்னும் போர்க்கப்பலின் தலைவராகத் தென்னமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். மரியாவும் உடன் சென்றார். 1822 ஏப்ரல் மாதம் ஹார்ன் முனையருகே கணவர் காய்ச்சலால் இறந்தார். கப்பல் சிலியின் வால்பரைசோ துறைமுகத்தை அடைந்தபோது அவர் கைம்பெண்ணாகக் கரையிறங்கினார். அந்நிலையில் தாயகம் திரும்புவதே உலக வழக்கு. அவரோ வால்பரைசோவில் சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார். சிலியின் கடற்படைக்குத் தலைமை தாங்கிய கொக்ரேன் பிரபு அவருக்கு நண்பராக இருந்தார். கணவரின் கப்பலில் பணியாற்றிய உறவினரான இளைஞர் கிளென்னி நோயுற்றபோது, அவரைத் தம்மோடு வைத்துப் பேணும் பொறுப்பை மரியா ஏற்றார். அயல்நாட்டில் அவருக்கு எஞ்சியிருந்த குடும்பம் அந்த நோயாளி இளைஞரே எனலாம்.

நூல்களுக்கு அவர் இட்ட பெயர்களை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இந்திய நூலும் சிலி நூலும் அவ்வந்நாட்டில் வாழ்ந்த நாள்களின் குறிப்பு என்னும் பொருள்படப் பெயரிடப்பட்டுள்ளன. பிரேசில் பற்றிய நூலின் தலைப்பிலோ கடற்பயணமும் அங்கு வாழ்ந்த வாழ்வும் தனித்தனியே சுட்டப்படுகின்றன. பயணம் செய்தல் வேறு, உறைதல் வேறு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு இதுவே போதிய சான்று.

மூன்று நிமிடங்களின் எழுத்து

நிலநடுக்கம் நிகழ்ந்தபோது மரியாவும் கிளென்னியும் வால்பரைசோவிற்கு வடக்கே கிந்தேரோ என்னும் கடற்கரை ஊரில், கொக்ரேன் பிரபுவின் பண்ணை வீட்டில் தங்கியிருந்தனர். இரவு மணி பத்தேகால். வெடிமருந்துச் சுரங்கம் வெடித்தாற்போன்ற ஓசையுடன் வீடு அதிர்ந்தது. உடனிருந்த பென்னட் என்பவர் எழுந்து வெளியே ஓடி, மற்றவர்களையும் அழைத்தார். மரியா எழவில்லை. நோயாளியின் உடலுக்கு இரவுக் குளிர் கேடு விளைவிக்கும் என்று அஞ்சி இருந்த இடத்திலேயே இருந்தார். கிளென்னியோ மரியா என்ன செய்யப்போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தபடி தாமும் அமர்ந்திருந்தார்.

புகைபோக்கிகள் சரிந்தன, சுவர்கள் பிளப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பிறகே இருவரும் எழுந்து முன்தாழ்வாரத்திற்கு வந்தனர். படி வழியாக இறங்க எண்ணியவர்கள், பின்னால் சுவர் இடிந்து விழும் ஓசை கேட்டுத் தரையில் குதித்தனர். குதித்த சிறிது நேரத்தில் நிலத்தின் அசைவு மாறியது. விரைவான அதிர்வாக இருந்தது, கடலில் செல்லும் கப்பலின் உருளலைப் போன்றதாயிற்று. பென்னட்டும் மரியாவும் சேர்ந்து கிளென்னியைத் தாங்கிப் பிடிப்பதே அரிதாக இருந்தது. முதல் அதிர்ச்சி மூன்று நிமிடம் நீடித்ததாக மரியா குறிக்கிறார்.

இப்பகுதியின் சிறப்பு, பேரழிவைப் பற்றிய பொதுச்சொற்கள் இதில் குறைவாக இருப்பதேயாகும். யார் எழுந்தார், யார் இருந்தார், எது முன்னே விழுந்தது, அசைவு எப்போது வேறுபட்டது என்னும் வரிசையே உரைநடையை நடத்திச்செல்கிறது. இவ்வரிசை எவ்வாறு சாத்தியமாயிற்று? முதல் அதிர்விலேயே ஓடியவர் வீட்டிற்குள் நிகழ்ந்தவற்றைக் காண வாய்ப்பில்லை. சுவர் பிளந்ததை மரியா கண்டதற்குக் காரணம், நோயாளியின் பொருட்டு அவர் உள்ளே இருந்தமையே. அதிர்வு உருளலாக மாறிய கணத்தை அவர் உறுதியாகக் கூற முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் கணத்தில் தளர்ந்த ஓர் உடலை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. தம் கால் தடுமாறுவதை மட்டும் உணர்பவரினும், மற்றொருவரைத் தாங்கி நிற்பவர் நிலத்தின் அசைவை நுட்பமாக அறிவார்.

கிளென்னி அவரது முகத்தைப் பார்த்த அந்த ஒரு குறிப்பு, குடும்பத்தோடு இடர்ப்படுதல் என்றால் என்ன என்பதை விளக்கப் போதுமானது. தனித்திருப்பவர் அஞ்சலாம், அலறலாம். தம் முகத்தைப் பார்த்து மற்றொருவர் முடிவெடுக்கப்போகிறார் என்னும் நிலையில் இருப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. தீவிபத்தில் குழந்தைகள் தாயை நோக்குவதும், நடுக்கடலில் பயணிகள் மாலுமியை நோக்குவதும் இவ்வகையினவே.

செவிலியின் கண்

இவ்விடத்தில் தமிழ் அகமரபின் ஒரு பாத்திரத்தை நினைவுகூர்வது பொருத்தமாகும். தலைவியின் உடலிலும் சொல்லிலும் தோன்றும் சிறு மாற்றங்களையும் கண்டுகொள்பவள் செவிலி. இரவில் உறங்காது காத்திருப்பவளும் அவளே. தலைவி உடன்போக்கில் சென்றபின் சுரத்திடைத் தேடிச் செல்பவளும் அவளே. பேணுதலும் கூர்ந்து நோக்குதலும் செவிலியிடத்தில் ஒரே செயலின் இரு பக்கங்களாக அமைகின்றன. இக்காலத் தமிழில் நோயாளியைப் பேணுபவரையும் நாம் செவிலியர் என்றே வழங்குகிறோம் என்பது எண்ணத்தக்கது.

மரியாவின் நாட்குறிப்பில் பேசுவது இத்தகைய செவிலியின் குரலே என்பது நம் கருத்து. முதல் அதிர்ச்சிக்குப் பின் அவ்வீட்டார் அனைவரும் திறந்த வெளியில் இரவைக் கழித்தனர். மாடுகளின் கதறலும் கடற்பறவைகளின் கூச்சலும் விடியும் வரை ஓயவில்லை. நோயாளிக்குப் படுக்கை அமைத்து, அருகில் விழித்திருந்தவர்க்கு நேரத்தைக் கணக்கிடுவது இயல்பான கடமை. மருந்து கொடுத்த வேளையைக் குறிப்பவர், அதிர்வு வந்த வேளையையும் குறித்தார். அடுத்து வந்த நாள்களில், எத்தனை பின்னதிர்வுகள், எவ்வேளையில், எவ்வளவு வலுவோடு என்னும் செய்திகள் நாட்குறிப்பில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. இலக்கியச் சுவையை மட்டும் தேடுபவர்க்கு இப்பக்கங்கள் சலிப்பூட்டலாம். ஒரு பேரிடர் ஓரிரவில் முடிவதன்று, மாதக்கணக்கில் மனித உறக்கத்தைத் தின்பது என்னும் உண்மையை இச்சலிப்பே நமக்கு உணர்த்துகிறது.

அச்சத்திலிருந்து மருட்கைக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கின்வழித் தோன்றும். மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்வழித் தோன்றும். ஒரு பொருள் தன்னிலையின் மாறிப் பிறிதொன்றாயதைக் கண்டு வியத்தல் ஆக்கத்தின்பாற்படும்.

நிலநடுக்க இரவைப் பற்றிய மரியாவின் எழுத்தில் அச்சம் மறைக்கப்படவில்லை. ஏனைய இயற்கைச் சீற்றங்களில் மனித முயற்சிக்குச் சிறிது இடமேனும் உண்டு, நிலநடுக்கத்திலோ ஒதுங்க இடமும் தப்ப வழியும் இல்லை என்னும் கருத்தை அவர் அவ்விடத்திலேயே பதிவு செய்கிறார். பொறுமைக்கு நிலத்தையே உவமையாகக் கொண்ட வள்ளுவரைப் பயின்ற நமக்கு இக்கருத்தின் ஆழம் எளிதில் விளங்கும். தாங்குவது எதுவோ அதுவே கைவிடும்போது மனிதருக்கு நிற்க இடமேது?

ஆயினும் நாட்குறிப்பு அச்சத்தோடு நின்றுவிடவில்லை. அடுத்து வந்த வாரங்களில் அவர் கடற்கரைக்குச் சென்றார். முன்பு நீருக்கடியில் இருந்த பாறைகள், கடல் ஏறும் வேளையிலும் நீருக்கு வெளியே நின்றன. சிப்பிகளும் மட்டிகளும் தாம் வளர்ந்த பாறைகளிலேயே ஒட்டியபடி இறந்து நாறின. முன்பு அணுக முடியாதிருந்த பழைய உடைகப்பல் ஒன்றைக் கரையிலிருந்தே அடைய முடிந்தது. இவற்றைக் கொண்டு, வால்பரைசோவில் ஏறத்தாழ 3 அடியும் கிந்தேரோவில் ஏறத்தாழ 4 அடியும் நிலம் உயர்ந்திருப்பதாக அவர் முடிவு செய்தார். அதற்கும் மேலே, ஏறத்தாழ 50 அடி உயரம் வரை, சிப்பிகள் நிறைந்த பழைய கரைகள் வரிவரியாக இருப்பதையும் கண்டார். இவ்வாறான எழுச்சி முற்காலத்திலும் பலமுறை நிகழ்ந்திருக்க வேண்டும் என்னும் கருத்திற்கு இது வழிகாட்டியது.

கடல் தரையானதைக் காணும் இப்பகுதி, தொல்காப்பியர் கூறும் ஆக்கம் பற்றிய மருட்கைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இங்கு வியப்பு ஆரவாரச் சொற்களாக வெளிப்படவில்லை. அழுகிய சிப்பியின் நாற்றமாகவும் எட்டிய உடைகப்பலாகவும் வெளிப்படுகிறது. அந்தக் கரை முன்பு எப்படி இருந்தது என்பதை அறியாத ஒருவர், இறந்த சிப்பிகளைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருப்பார். ஏழு மாதங்களாகச் சிலியின் கடலோரத்தில் வாழ்ந்தவர்க்கே அக்காட்சி ஒரு செய்தியாயிற்று.

ஐயுறவும் மறுமொழியும்

மரியா இச்செய்திகளை ஒரு கடிதமாக எழுத, இலண்டன் நிலவியல் கழகம் அதனை 1824இல் தன் ஆய்விதழில் வெளியிட்டது. அவ்விதழில் இடம்பெற்ற முதல் பெண் எழுத்து இதுவே என்பர். 1830இல் சார்லஸ் லயல் வெளியிட்ட ‘நிலவியல் கோட்பாடுகள்’ நூலின் முதல் தொகுதியில் இச்சான்று சிறப்பிடம் பெற்றது. நில உருவம் பெரும் ஊழிகளால் ஒரே வீச்சில் மாறுவதன்று, இன்றும் நிகழும் சிறு மாற்றங்கள் நெடுங்காலம் சேர்ந்து மலைகளையும் உருவாக்கும் என்னும் தம் கொள்கைக்கு லயல் இதனைத் துணையாகக் கொண்டார்.

1834இல் அக்கழகத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் கிரீனோ தம் ஆண்டுரையில் மரியாவின் கூற்றை மறுத்தார். நிலம் அவ்வாறு உயர்ந்தது என்பதை அவர் ஏற்கவில்லை. பேரச்சத்திற்கு ஆளான ஒருவரின் காட்சியைச் சான்றாகக் கொள்வது எங்ஙனம் என்பது அவருடைய ஐயத்தின் சாரம். அப்போது மரியா நோயால் தளர்ந்து, இலண்டனில் தம் இரண்டாம் கணவரான ஓவியர் கால்கட்டுடன் வாழ்ந்துவந்தார். எனினும் தம் கூற்றில் உறுதியாக நின்று மறுமொழி எழுதி அச்சிட்டார்.

கிரீனோவின் ஐயத்தை முற்றிலும் முறையற்றது எனத் தள்ளிவிடலாகாது. ஒருவரின் கண் மதிப்பீட்டை மட்டும் கொண்டு நூறு மைலுக்கு மேற்பட்ட கடற்கரை உயர்ந்தது எனக் கொள்வதற்கு அறிஞர் தயங்குவது இயல்பு. அங்கு வாழ்ந்த வேறு சிலர் அவ்வுயர்வைத் தாம் காணவில்லை என்று கூறியதும் உண்டு. நாம் மறுப்பது அவருடைய தயக்கத்தை அன்று. அதற்கு அவர் காட்டிய காரணத்தையே. அச்சம் கண்ணை மறைக்கும் என்பது பொதுவிதியானால், நிலநடுக்கத்தைப் பற்றி அதில் சிக்கியவர் எவருமே பேச இயலாது. மேலும், பாறைகளையும் சிப்பிகளையும் மரியா கண்டது அந்த மூன்று நிமிடங்களில் அன்று. அதற்குப் பின் வந்த பகல்களில். இரவின் அச்சத்தைக் கொண்டு பகலின் அளவீட்டை ஐயுறுவது, எழுதியவரை மதிப்பிட்டு எழுத்தை மதிப்பிடாமல் விடுவதாகும்.

டார்வினும் பிட்ஸ்ராயும்

1835 பிப்ரவரி 20ஆம் நாள் சிலியில் மற்றொரு பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிவந்த சார்லஸ் டார்வின் அப்போது வால்டிவியா நகரருகே, காட்டில் படுத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். திண்மையின் சின்னமாகிய நிலமே காலடியில் அசையும்போது மனத்தில் தோன்றும் விந்தையான பாதுகாப்பின்மையை அவர் அழகுற எழுதியுள்ளார். பின்னர், பேரழிவுக்குள்ளான கன்செப்சியோன் நகரைக் கண்டபோது, மக்கள் மீது எழுந்த இரக்கம் வியப்பின் முன் விரைவில் பின்னடைந்துவிட்டதையும் ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறார். காலங்காலமாக நிகழ வேண்டிய மாற்றம் ஒரு நிமிடத்தில் நிகழ்ந்து முடிந்ததை நேரில் காணும் வியப்பு அது.

டார்வினைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அங்கே அவர் வழிப்போக்கர். தாங்கிப் பிடிக்க வேண்டிய உறவு எதுவும் அவருக்கு அருகில் இல்லை. அதனால் அவரது எழுத்தில் நிலம் உயர்கிறது, மனிதர் சிறுத்துவிடுகின்றனர். மரியாவின் எழுத்திலோ நிலம் உயர்வதும் நோயாளி இருமுவதும் ஒரே பக்கத்தில் நிகழ்கின்றன. பயணியின் பார்வைக்கும் உறைபவரின் பார்வைக்கும் இடையிலான வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இவ்விரு பகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே போதுமானது.

அச்சமயத்தில் ‘பீகிள்’ கப்பலின் தலைவர் பிட்ஸ்ராய் சாந்தா மரியா தீவில் நில எழுச்சியை அளந்தார். கடல் ஏறும் எல்லைக்கு 10 அடி மேலே, பாறைகளில் ஒட்டியபடி அழுகிய மட்டிகளைக் கண்டதே அவருக்கு முதன்மைச் சான்று. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மரியா கூறிய அதே சிப்பி, அதே நாற்றம். 1837 தொடக்கத்தில் டார்வின் அதே நிலவியல் கழகத்தில் சிலிக் கடற்கரையின் அண்மைக்கால எழுச்சி பற்றிக் கட்டுரை படித்தார். நிலம் உயர்ந்தது என்னும் கூற்று வலுப்பெற்றது. கருவிகொண்டு பல இடங்களில் அளந்தமை பிட்ஸ்ராயின் சான்றுக்குக் கூடுதல் வலிமை தந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவர் அளந்த பொருள், பெண்ணொருத்தியின் நாட்குறிப்பில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்த பொருளே.

நாஸ்கா கடலடித் தட்டு தென்னமெரிக்கக் கண்டத்தின் அடியில் அமிழ்வதால் கடற்கரை இவ்வாறு திடீரென உயர்கிறது என்பது இன்று தெளிவாகிவிட்டது. 2010 பிப்ரவரி 27ஆம் நாள் 8.8 அளவில் சிலியைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது, பாறைகளில் ஒட்டிவாழும் கடற்பாசிகள் மடிந்து வெளுத்த பட்டையின் உயரத்தை அளந்தே ஆய்வாளர்கள் எழுச்சியைக் கணித்தனர். நம் அண்டையிலும் இதற்குச் சான்று உண்டு. 2005 மார்ச் 28ஆம் நாள் இரவு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அடுக்குமாடி வீடுகளை ஆட்டிய நிலநடுக்கத்தில், சுமத்திராவை ஒட்டிய நியாஸ் தீவின் கரை சில இடங்களில் 3 மீட்டரை நெருங்கும் அளவிற்கு உயர்ந்தது. நீருக்கு மேலே எழுந்த பவளப்பாறைகள் வெயிலில் மடிந்தன.

நூலின் குறைகள்

மரியாவின் நாட்குறிப்பைப் போற்றும்போது அதன் குறைகளையும் சுட்டுவது திறனாய்வின் கடமை. முதலாவதாக, இது நாள்தோறும் எழுதியவாறே அச்சேறிய பிரதி அன்று. இலண்டன் திரும்பிய பின் சிலியின் வரலாற்றுச் சுருக்கம் ஒன்றை முன்னே சேர்த்து, வெளியீட்டிற்காகச் செப்பம் செய்யப்பட்ட நூல். எனவே உடனடித் தன்மை என நமக்குத் தோன்றுவதில் ஒரு பகுதி எழுத்துத் திறத்தின் விளைவு.

இரண்டாவதாக, கொக்ரேன் பிரபுவின் மீது அவர் கொண்ட மதிப்பு, அன்றைய சிலி அரசியலைப் பற்றிய அவருடைய தீர்ப்புகளை ஒருபக்கச் சார்புடையனவாக ஆக்கியுள்ளது.

மூன்றாவது குறை நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. அந்த இரவில் திறந்த வெளியில் நின்றவர்களுள் பணியாளர்களும் இருந்தனர். அவர்களுக்கும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் இருந்திருப்பர். கிளென்னியின் ஒவ்வொரு நலிவையும் கண்ட கண், அவர்களைத் தனித்தனி மனிதராகக் காணவில்லை. கத்தோலிக்க மக்களின் வேண்டுதல்களையும் வழிபாட்டையும் அவர் பலவிடங்களில் மூடநம்பிக்கை என்னும் நோக்கிலேயே அணுகுகிறார். நிலமே கைவிட்டபோது வானத்தை நோக்கிக் கை கூப்பியவரின் நிலையை, ஒதுங்க இடமில்லை என்று தாமே எழுதியவர் இன்னும் பரிவோடு நோக்கியிருக்கலாம். செவிலியின் கண் கூர்மையானது. அது விழும் வட்டம் சிறியது. தன்னவர் என எவரைக் கொள்கிறதோ அவரையே அது காணும். உறைபவரின் எழுத்திற்குரிய வலிமையும் வரம்பும் இதில் ஒருங்கே அடங்கியுள்ளன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து நாம் கொள்ளத்தக்கன சில உண்டு. வேற்று நாட்டில் உறவினரோடு இடரை எதிர்கொண்டவரின் எழுத்தை, உணர்ச்சி மிகுந்தது என்னும் காரணத்திற்காகச் சான்றுகளின் வரிசையிலிருந்து நீக்குவது பிழை. மரியாவின் நாட்குறிப்பில் அச்சமும் அளவீடும் எதிரெதிரே நிற்கவில்லை. நோயாளியின் பொருட்டு அவர் வீட்டிற்குள் இருந்தார், இரவெல்லாம் விழித்திருந்தார், அந்தக் கரையில் வாழ்ந்தார். அதனாலேயே அவர் கண்டார். எழுத்திற்கு நம்பகத்தன்மையைத் தந்தது உறவுப் பொறுப்பே.

பயண இலக்கியத்தைப் பயிற்றும் ஆசிரியர்கள் இதனை இருவகையில் பயன்படுத்தலாம் என நாம் கருதுகிறோம். முதலாவது, பாடத்திட்டத்தில் பயணியின் எழுத்தோடு உறைபவரின் எழுத்தையும் தனி வகையாகச் சேர்ப்பது. தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் குடியேறி வாழ்ந்த நம் முன்னோரின் கடிதங்களும் வாய்மொழிகளும் அவ்வகைக்குள் உரிய இடம் பெறும். அவற்றை உருக்கமான நினைவுகளாக மட்டும் கொள்ளாது, வெள்ளம் எந்தப் படிவரை ஏறிற்று, எந்த ஆண்டில் எந்த நோய் வந்தது என்னும் செய்திகளுக்காகவும் நாம் படிக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டுரைப் பயிற்சி தொடர்பானது. இயற்கைப் பேரிடரைப் பற்றி எழுதும் மாணவர் பலர், பயிற்சி நூல்களில் மனனம் செய்த அடைமொழிகளை அடுக்கிவிட்டு நின்றுவிடுகின்றனர். அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் எளியவை. அப்போது உன் அருகில் யார் இருந்தார்? அவருக்காக நீ என்ன செய்தாய்? மறுநாள் எது இடம் மாறியிருந்தது? இம்மூன்றிற்கும் உண்மையான விடை எழுதும் மாணவர்க்கு அடைமொழிகள் தேவைப்படா.

மரியா கிரகாம் 1842இல் மறைந்தார். அவர் கண்ட சிலிக் கடற்கரை அதன்பின் 1906, 1985, 2010 ஆகிய ஆண்டுகளிலும் பெருநடுக்கங்களைக் கண்டது. ஒவ்வொரு முறையும் வீடுகளுக்குள் யாரோ ஒருவர் நோயாளியின் அருகிலோ குழந்தையின் அருகிலோ இருந்திருப்பார்; ஓடாமல் சிறிது நேரம் தாமதித்திருப்பார். அவர்கள் கண்டவற்றையும் எழுதச் சொல்லிக் கேட்பதும், எழுதியதை நம்பிப் படிப்பதும் பயண இலக்கியம் பயில்வோரின் பணியில் அடங்கும்.